கொழும்பில் மீனும் நண்டும் கணவாயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கொழும்புக்குக் குடிவந்தவர்கள், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்து தனியாகச் சமைக்கத் தொடங்கியவர்கள், விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. விலை எதையும் இங்கே எழுதவில்லை. காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை என்று போகும் பொருளுக்கு விலை எழுதி என்ன பயன்?

கடலுணவு என்றால் எவையெல்லாம் சேரும்?

செதில் மீன்கள்தான் பெரும்பகுதி. சுறாவும் திருக்கையும் தனி இனம். அவற்றில் இருப்பது முள் அல்ல, குருத்தெலும்பு. இறால், நண்டு, சிங்க இறால் ஆகியவை வெளியே ஓடு உள்ளவை. கணவாயில் மூன்று உண்டு: உள்ளே வெள்ளை ஓடு வைத்திருக்கும் ஓட்டுக்கணவாய், கண்ணாடித் தாள் போன்ற ஒரு நரம்பு மட்டும் உள்ள ஊசிக்கணவாய், எட்டுக் கால் பேய்க்கணவாய். மட்டியும் சிப்பியும் கொழும்புச் சந்தையில் அபூர்வம். கடலட்டை வடக்கில் பண்ணை வைத்து வளர்க்கப்படுகிறது, ஆனால் அது சீனா பக்கம் ஏற்றுமதிக்கு. நம் சட்டிக்கு வருவதில்லை.

மீன்காரர் சிங்களப் பெயர் சொல்கிறார். எது எந்த மீன்?

தோரா என்றால் அறக்குளா, தமிழ்நாட்டவருக்கு வஞ்சிரம். பலயா என்றால் சூரை. கெலவல்லா அதே குடும்பத்தில் பெரியது, மஞ்சள் செட்டை உள்ளது. பரவா பாரை, மோரா சுறா, மடுவா திருக்கை. ஹுருல்லா நம் கீரி மீன், சாலயா நம் சூடை, ஹால்மெஸ்ஸோ நெத்தலி. மோதா என்று கேட்டால் கொடுவா கிடைக்கும். இஸ்ஸோ, தெல்லோ, ககுளுவோ மூன்றும் முறையே இறால், கணவாய், நண்டு. தளபத் என்ற பெயரைக் கொழும்புத் தமிழரும் அப்படியே சொல்கிறார்கள். முதுகில் பாய் விரித்தது போன்ற செட்டை உள்ள பெரிய மீன் அது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ்ப் பெயர் சொன்னாலே போதும். மற்ற இடங்களில் விரலைக் காட்டி "மேக்க மொக்கத?" (இது என்ன?) என்று கேட்டுவிடலாம். துண்டாக வெட்டி வைத்த மீனுக்குப் பெயர் கேட்பதில் மட்டும் எனக்கு நம்பிக்கை இல்லை. தலையும் தோலும் போன பிறகு எந்த வெள்ளைத் துண்டும் தோரா ஆகிவிடும்.

எங்கே வாங்கலாம்?

கொழும்புக்கு வரும் மீனில் பெரும்பகுதி பேலியகொடை மத்திய மீன் சந்தை வழியாகத்தான் வருகிறது. முன்பு புறக்கோட்டையில் செயின்ட் ஜோன்ஸ் சந்தை என்று இருந்த மொத்த வியாபாரம் 2011இல் களனி ஆற்றுக்கு அப்பால் அங்கே போனது. நள்ளிரவு தாண்டி லொறிகள் வர ஆரம்பிக்கும், விடியும்போது நல்ல மீனெல்லாம் கைமாறியிருக்கும். வீட்டுக்கு ஒரு கிலோ வாங்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நாலு குடும்பம் சேர்ந்து ஒரு முழு பாரை வாங்கிப் பங்கு போடுவதென்றால் போகலாம்.

முகத்துவாரத்திலும், சற்று வடக்கே திக்கோவிட்டவிலும் மீன்பிடித் துறைமுகங்கள் இருக்கின்றன. நேரம் இருந்தால் நீர்கொழும்பு லெல்லம சந்தைக்குக் காலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மற்றபடி வெள்ளவத்தைச் சந்தை, தெருவோர மீன்கடை, சைக்கிளில் வரும் மீன்காரர், சுப்பர் மார்க்கெட் என்று எங்கும் வாங்கலாம். வெள்ளிக்கிழமை நம்மவர் வீடுகளில் சைவம் என்பதால் தமிழர் பகுதிகளில் அன்று கடை தூங்கும், சனிக்கிழமை காலை நெரியும். மீன் வரத்தும் ஆட்களும் கூடிய நாளில் வாங்குவதுதான் நல்லது. வியாழக்கிழமை விற்காமல் மிஞ்சியது வெள்ளிக்கிழமை மலிவாகக் கிடைத்தால், அது ஏன் மலிவு என்று யோசியுங்கள்.

நல்ல மீன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண், செவுள், சதை, மணம் என்று எல்லோரும் சொல்வார்கள். நாலும் சரி, ஆனால் நாலுக்கும் ஒரே மதிப்பு இல்லை.

கண் பிதுங்கித் தெளிவாக இருக்க வேண்டும், குழிந்து பால் படர்ந்திருந்தால் பழசு. ஆனால் ஐஸ் நேரடியாகப் பட்டால் நல்ல மீனின் கண்ணும் மங்கும். செவுளைத் தூக்கிப் பார்ப்பது இன்னும் நம்பகமானது: இளஞ்சிவப்போ இரத்தச் சிவப்போ இருக்க வேண்டும், மண்ணிறமாகி கொழகொழவென்று நூல் விட்டால் வைத்துவிட்டு நகருங்கள். வயிற்றில் விரலால் அழுத்தினால் குழி உடனே நிமிர வேண்டும். வயிறு வெடித்த சூடையை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கடைசியாக மணம். நல்ல மீனில் கடல் மணக்கும், "மீன் நாற்றம்" இருக்காது. சுறாவிலும் திருக்கையிலும் மூக்கைச் சுடும் மணம் வந்தால் அது அமோனியா. அவற்றின் உடம்பில் இயல்பாகவே உள்ள யூரியா உடைந்து வருவது. கழுவினால் போகும் என்று கடைக்காரர் சொல்வார். போகாது.

இறாலில் தலை உடம்போடு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். தலை கறுப்பது நொதியின் வேலை. கறுத்த உடனே கெட்டது என்று இல்லை, ஆனால் பிடித்து நேரமாகிவிட்டது. கணவாயின் தோலில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தால் புதிது. சதை இளஞ்சிவப்பாகிப் புள்ளிகள் கலங்கியிருந்தால் வேண்டாம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் கேட்பதில்லை: "இது எந்தப் படகு மீன்?" கெலவல்லா, தளபத் போன்ற பெரிய மீன்கள் ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுகளில் பிடிபடுபவை. அந்தப் படகுகள் வாரக்கணக்கில் கடலில் நிற்கும். பயணத்தின் முதல் நாளில் பிடித்த மீன் கரைக்கு வரும்போது ஐஸில் இரண்டு மூன்று வாரம் கிடந்திருக்கலாம். சூடையும் கீரியும் நெத்தலியும் பெரும்பாலும் ஒருநாள் படகிலும் கரைவலையிலும் வருபவை, காலையில் பிடித்து அன்றைக்கே விற்பவை. ஆகவே கொழும்பில் மலிவான சின்ன மீன்தான் பல நாட்களில் புதிய மீன். விருந்தாளி வந்தால் அறக்குளாத் துண்டு வைக்காவிட்டால் மரியாதை இல்லை என்று நினைக்கும் வீடுகள் இருக்கின்றன. வைக்கட்டும், ஆனால் சுவைக்கு நான் கீரி மீன் பக்கம்தான்.

மே மாதம் வந்தால் மீன் ஏன் விலை ஏறுகிறது?

தென்மேற்குப் பருவக்காற்று. மே முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரையில் கடல் கொந்தளிப்பு, சின்னப் படகுகள் பல நாள் இறங்குவதில்லை. அந்த மாதங்களில் கிழக்கில் கடல் அமைதி என்பதால் திருகோணமலைப் பக்கத்திலிருந்து மீன் லொறி ஏறி வரும். வடகீழ்ப் பருவத்தில் கதை தலைகீழ்: டிசம்பர், ஜனவரியில் கிழக்கு கொந்தளிக்கும், நீர்கொழும்பு, பேருவளைப் பக்கம் நிறைய மீன் படும். கொழும்பில் கரையோர மீன் சாப்பிட நல்ல காலம் அதுதான்.

எந்த மீனை எதற்குச் சமைப்பது?

சொதிக்கு ஒட்டியும் விளைமீனும். முரல் கிடைத்தால் விடாதீர்கள். தேங்காய்ப்பால், பச்சைமிளகாய், வெங்காயம், மஞ்சள், இறக்கியபின் தேசிக்காய்ப் புளி, அவ்வளவுதான். சூரையைச் சொதியில் போடாதீர்கள், பால் முழுக்க இரும்பு வாடை அடிக்கும். அதற்குப் பழப்புளி, உள்ளி, தூள் எல்லாம் போட்ட காரக் குழம்புதான் சரி.

சூரைக்கு இன்னும் நல்லது சிங்களவர் செய்யும் அம்புல் தியல். கொறக்காவை (காயவைத்த கொடம்புளி) ஊறவைத்து அரைத்து, மிளகும் உப்பும் சேர்த்து, மீன் துண்டுகளில் பூசி, மண்சட்டியில் வாழையிலை விரித்து அடுக்கி, நீர் வற்றும்வரை சிறு தீயில் வைப்பது. கொறக்காவின் புளிப்பும் உப்பும் சேர்வதால் பிரிட்ஜ் இல்லாமலும் சில நாள் நிற்கும். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவிடம் செய்முறை கேட்டால் ஆளுக்கொரு அளவு சொல்வார்கள்; கொறக்கா கறுப்பாக, மிருதுவாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போவார்கள்.

பொரியலுக்கு அறக்குளா, விளை, கீரி, சூடை. வறைக்கு சுறாவும் திருக்கையும்: அவித்து, தோல் உரித்து, உதிர்த்து, தேங்காய்ப்பூவும் செத்தல்மிளகாயும் சேர்த்துப் பிரட்டினால் புட்டுக்கு வேறொன்றும் வேண்டாம். முள்ளுக்குப் பயப்படும் பிள்ளைகளுக்குப் பாரை கொடுக்கலாம், முள் பெரிது, எடுத்துவிடலாம்.

நண்டு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் எந்த நண்டு என்று பாருங்கள். சந்தையில் இரண்டு வகை. கடுமையான பச்சை கலந்த கறுப்பு ஓடும் தடித்த கொடுக்கும் உள்ளது சேற்று நண்டு; களப்பிலும் கண்டல் காட்டிலும் வாழ்வது, காலைக் கட்டி உயிரோடு விற்பார்கள். நீலம் பாய்ந்த மெல்லிய ஓடும் நீண்ட கொடுக்கும் உள்ளது நீந்தும் நண்டு. வடக்குக் கடலில் நிறைய, யாழ்ப்பாண நண்டுக் கறி என்று ஊரெல்லாம் பேசுவது பெரும்பாலும் இதைத்தான். சிங்கப்பூரின் பேர்பெற்ற சில்லி நண்டுக்கு நீண்டகாலமாக நம் சேற்று நண்டுதான் போகிறது. பெரியதெல்லாம் விமானம் ஏறிவிடுவதால் உள்ளூர்ச் சந்தையில் மிஞ்சுவது நடுத்தரம்.

நண்டைக் கவிழ்த்துப் பாருங்கள். வயிற்றுப் பக்க மடிப்பு ஒடுங்கி முக்கோணமாக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். கொடுக்கில் சதை வேண்டும் என்றால் ஆண். பெண் நண்டின் உள்ளே இருக்கும் செம்மஞ்சள் சினைக்காகவே வாங்குபவர்களும் உண்டு. வெளியே வயிற்றில் முட்டை கொத்தாக ஒட்டியிருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

அடுத்து எடை. ஒரே அளவில் இரண்டு நண்டை இரு கையிலும் வைத்துப் பார்த்தால் கனமானது எது என்று உடனே தெரியும். நிலவு காலத்தில் நண்டு சூம்பிப்போகும், அமாவாசை நண்டுதான் நண்டு என்று நம்மூரில் சொல்வார்கள். நிலவை விடுங்கள், நண்டு ஓடு கழற்றி வளர்வது உண்மை, புதிதாக ஓடு கழற்றிய நண்டுக்குள் சதை குறைந்து தண்ணீர்தான் இருக்கும். பின்காலின் முதல் கணுப் பக்கம் ஓட்டை அழுத்திப் பாருங்கள். உள்ளே அமுங்கினால் அது அப்படிப்பட்ட நண்டு.

செத்த சேற்று நண்டு வேண்டாம், அதன் சதை வேகமாகக் கெடும். நீந்தும் நண்டு கரையேறியதும் சாகும் என்பதால் ஐஸில்தான் வரும். அதற்கு மணம்தான் சோதனை. கறிக்கு முருங்கை இலை ஒரு பிடி கடைசியில் போட மறக்காதீர்கள்.

கணவாய் ஏன் றப்பர் மாதிரி ஆகிறது?

நடுவில் நிறுத்தினதால். கணவாயை ஒன்று, நல்ல சூட்டில் இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறு தீயில் முக்கால் மணிநேரமாவது விட வேண்டும். பத்து நிமிடத்தில் இறக்கினால் பல்லுக்குத்தான் வேலை.

கொழும்பின் சைனீஸ் கடைகளில் கிடைக்கும் ஹாட் பட்டர் கணவாய் முதல் வகை. மாவில் பிரட்டி, சுடச்சுடப் பொரித்து, பட்டரில் செத்தல்மிளகாயும் வெங்காயத் தாளும் போட்டுக் கிளறுவது. பெயரில் சைனீஸ் என்றாலும் அது நம் தீவின் சாப்பாடு. வந்த உடனே சாப்பிட்டுவிட வேண்டும், பேச்சுக் கொடுத்துக்கொண்டு இருந்தால் மொறுமொறுப்பு போய்விடும். பார்சல் எடுப்பது வீண்.

சூரை கிரந்தியா?

இறால், நண்டு, கணவாய், சூரை எல்லாம் கிரந்தி, அதாவது சொறியும் புண்ணும் கிளப்பும் சாப்பாடு, புண் இருந்தால் சாப்பிடக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். புண் சங்கதி எப்படியோ, சூரை விஷயத்தில் அவர்கள் சும்மா சொல்லவில்லை. சூரை, கெலவல்லா போன்ற மீன்களைப் பிடித்த உடனே ஐஸில் போடாவிட்டால், பக்டீரியா வேலை செய்து சதையில் ஹிஸ்டமின் சேரும். சாப்பிட்டுச் சில நிமிடங்களிலோ ஓரிரு மணிநேரத்திலோ முகம் சிவக்கும், தலையிடிக்கும், உடம்பு தடித்துச் சொறியும், வயிற்றைப் பிரட்டும். பார்ப்பதற்கு ஒவ்வாமை மாதிரியே இருக்கும். உண்மையில் அது கெட்ட மீனின் நஞ்சு.

இதில் மோசமானது என்னவென்றால், சமைத்தாலும் பொரித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மணத்திலும் தெரியாமல் போகலாம். வாயில் வைத்ததும் மிளகு கடித்தது போல நாக்கு எரிந்தால் துப்பிவிடுங்கள். வெயிலில் ஐஸ் இல்லாமல் பலகையில் கிடக்கும் கெலவல்லாத் துண்டு எவ்வளவு சிவப்பாக மினுங்கினாலும் வாங்க வேண்டாம். அடுத்த முறை நல்ல கடையில் வாங்கிச் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால், உங்களுக்கு சூரை ஒவ்வாமை இல்லை. ஆனால் மூச்சுத் திணறியவர் அதை வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது, வைத்தியரிடம் போக வேண்டும்.

இறால் ஒத்துக்கொள்ளாதவர் நண்டு சாப்பிடலாமா?

பெரும்பாலும் கூடாது. இறால், நண்டு, சிங்க இறால் மூன்றிலும் டிரோபோமயோசின் என்ற ஒரே வகைப் புரதம் உண்டு. வேகவைத்தாலும் அது மாறாது. செதில் மீனின் புரதம் வேறு, ஆகவே இறால் ஆகாதவர் பலருக்கு மீன் ஒன்றும் செய்வதில்லை. வெளியே சாப்பிடும்போது எண்ணெயில் கவனம்: இறால் வடை பொரித்த அதே எண்ணெயில்தான் மற்ற வடையும் பொரிபடும். கூனி இறால் சம்பலில் அரைபட்டிருந்தால் கண்ணுக்கும் தெரியாது. கரப்பான் பூச்சியிலும் கிட்டத்தட்ட இதே புரதம் உண்டு என்பது சாப்பாட்டு நேரத்தில் சொல்லக் கூடாத செய்தி.

கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் என்ன மீன் சாப்பிடலாம்?

மீன் நல்லது, நிறுத்தத் தேவையில்லை. வாரம் இரண்டு மூன்று தடவை சாப்பிடலாம். கவனிக்க வேண்டியது பாதரசம். கடலில் சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது மேலே சேர்ந்துகொண்டே போகும். அதனால் பெரிய சுறா, வாள் மீன், தளபத் போன்ற நெடுநாள் வாழும் வேட்டை மீன்களைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். சூடை, கீரி, நெத்தலி, இறால் ஆகியவற்றில் பாதரசம் குறைவு.

இங்கேதான் பால்சுறா விவகாரம் வருகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறா கொடுப்பது நம் வழக்கம். குட்டிச் சுறாவில் பெரியதைவிடப் பாதரசம் குறைவுதான், ஒருநாள் வறை சாப்பிட்டதற்காகப் பயப்பட வேண்டாம். தினமும் கொடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். மாமியாரிடம் அதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம்.

நான் சைவம். கொழும்பில் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

மாசியில். சூரையை அவித்து, புகைபோட்டு, கட்டை போலக் காயவைத்ததுதான் மாசி, சிங்களத்தில் உம்பலகட. தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், லுணுமிரிஸ், பருப்பு, மரக்கறி என்று சிங்களச் சமையலில் இது எங்கும் விழும். "மீன் போட்டிருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள், மாசியை மீனாகக் கணக்கில் எடுப்பதில்லை. "உம்பலகட தாலாத?" என்றே கேளுங்கள். சைவக் கடைகளில் இந்தப் பிரச்சினை இல்லை. பேக்கரியில் சீனிச் சம்பல் பணிஸ் வாங்கும்போதும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவாடும் டின் மீனும் எப்படி?

கருவாட்டில் கட்டா நல்லது, விலையும் அதற்கேற்ப. நெத்தலிக் கருவாட்டில் இறக்குமதியும் நிறைய வருகிறது. ஈரம் இல்லாமல் இருக்கிறதா, ஓரத்தில் சிவப்பும் பூஞ்சணமும் இல்லையா என்று பார்த்து வாங்கி, சமைக்குமுன் வெந்நீரில் ஊறவைத்து உப்பை இறக்குங்கள். பிரஷர் உள்ளவர்கள் எவ்வளவு ஊறவைத்தாலும் அளவோடுதான்.

சமன் (சால்மன்) டின் என்று கேட்டு வாங்கினாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் கானாங்கெளுத்தி வகை மீன். மீன் வராத நாளுக்கு மோசமில்லை. முள்ளும் மெத்தென்று இருப்பதால் சேர்த்தே சாப்பிடலாம். வாங்கும்போது மொத்த எடையை விட்டுவிட்டு, நீர் வடித்த எடையைப் பாருங்கள். டின் உப்பியிருந்தால் குப்பையில் போடுங்கள்.

கொழும்பில் ஒடியற்கூழ் காய்ச்ச முடியுமா?

தாராளமாக. ஒடியல் மா வெள்ளவத்தைக் கடைகளில் கிடைக்கும். மாவை ஊறவிட்டு, தெளிந்த நீரை இரண்டு மூன்று தடவை ஊற்றிவிட்டால் கசப்பு இறங்கும். நண்டு, இறால், கணவாய், மீன் தலை, திருக்கைத் துண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, ஒரு பிடி அரிசி, முருங்கை இலை. மீனை ஒரே நேரத்தில் கொட்டாதீர்கள்: மரவள்ளியும் பலாக்கொட்டையும் முதலில் அவிய வேண்டும், பிறகு நண்டு, கடைசியில் மீனும் கணவாயும். செத்தல்மிளகாயையும் பழப்புளியையும் கரைத்துவிட்டு, மாவை ஊற்றியபின் கை ஓயாமல் துழாவ வேண்டும். பனையோலையில் மடித்த பிளா கிடைக்காது, கோப்பையில் குடிக்கலாம். இரண்டு பேருக்கு மட்டும் காய்ச்சுவதென்றால் வேண்டாம், பத்துப் பேரைக் கூப்பிடுங்கள்.

வெளியே எங்கே சாப்பிடலாம்?

காலிமுகத்திடலில் பின்னேரம் இறால் வடை. பருப்பு வடையின் மேல் முழு இறால் ஒட்டியிருக்கும், வெங்காயமும் காரச் சாறும் ஊற்றித் தருவார்கள். ஆறிப்போனதை வாங்காமல், பொரிக்கிற சட்டிக்குப் பக்கத்தில் நின்று வாங்குங்கள். கல்கிசைக் கடற்கரையில் மீனைக் காட்டிச் சமைத்துத் தரும் கடைகள் வரிசையாக உண்டு. சமைக்கக் கொடுக்குமுன் எடையையும் விலையையும் பேசிவிடுங்கள், பிறகு பேசினால் சண்டைதான். கையில் காசு இருந்தால், கோட்டை பழைய டச்சு வைத்தியசாலைக் கட்டடத்தில் 2011இல் மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோரோடு சேர்ந்து சமையல்காரர் தர்ஷன் முனிதாச தொடங்கிய மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் இருக்கிறது. நண்டை எடை பார்த்துத் தெரிவு செய்யலாம். மிளகு நண்டு நன்றாக இருக்கும், ஆனால் அந்தக் காசுக்குச் சந்தையில் ஒரு கூடை நண்டு வாங்கலாம் என்ற நினைப்பு சாப்பிடும்போது வந்துகொண்டே இருக்கும்.

எதைச் சாப்பிடக் கூடாது, வாங்கக் கூடாது?

பேத்தை மீனைத் தொடாதீர்கள். அதன் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது, ஆளைக் கொல்லும். கடலாமை பாதுகாக்கப்பட்ட விலங்கு. இறைச்சியும் முட்டையும் சட்டவிரோதம். கடற்பசுவும் அப்படித்தான். முட்டை சுமந்த சிங்க இறாலைப் பிடிப்பதும் விற்பதும் தடை. "உங்களுக்காக எடுத்து வைத்தேன்" என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கப்பல் எரிந்த பிறகு மீன் சாப்பிடலாமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்களே?

2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் கொழும்புக்கு அருகே தீப்பற்றி, ஜூனில் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெல்லாம் ஒதுங்கின, நீர்கொழும்புப் பக்கம் மீன்பிடி தடை செய்யப்பட்டது. அந்த மாதங்களில் மீன் வாங்க ஆளில்லாமல் மீனவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. மீன் விழுங்கும் பிளாஸ்டிக் பெரும்பாலும் குடலில்தான் தங்கும். குடலை எடுத்து நன்றாகக் கழுவினால் போதும். நெத்தலிக்கும் தலையைக் கிள்ளும்போது குடல் சேர்ந்து வந்துவிடும். சோம்பல்பட்டு முழுதாகப் போடாமல் கிள்ளிப் போடுங்கள், பொரித்தால் கசக்கவும் செய்யாது.